போர்க்காலச் சந்தை ஊரில் குதிரை வளர்த்தவன் பணக்காரன் ஆகியிருப்பானா?

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு நாவல் ஆரம்பித்து எண்பது பக்கத்தோடு நிற்கிறேன், கொஞ்சம் கைகொடுங்கள். களம் 1914, இங்கிலாந்தில் ஒரு சின்னச் சந்தை ஊர். கற்பனை ஊர்தான், பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. நாயகன் குதிரை வளர்ப்பவன். பத்துப் பன்னிரண்டு பெட்டைகள், ஒரு பொலிகுதிரை, ஆற்றோரமாக நல்ல மேய்ச்சல் நிலம். முதல் உலகப்போர் வருகிறது, ராணுவத்துக்குக் குதிரை குதிரை என்று ஒரே தேவை, இவன் பெட்டைகளை ஓய்வில்லாமல் சினைக்குச் சேர்த்துக் குட்டிகளை வளர்த்து விற்று நான்கே வருஷத்தில் பெரிய ஆள் ஆகிவிடுகிறான், பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய ஊர்க்காரர்கள் இவனைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த வெறுப்பின் மேல்தான் மொத்தக் கதையும் நிற்கிறது.

நேற்று என் தங்கை படித்துவிட்டு, "இது நிஜத்தில் நடக்குமா அக்கா, நீ குதிரையைக் கிட்டப் போய்ப் பார்த்ததுகூட இல்லையே" என்றாள். அதிலிருந்து ஒரு வரி ஓடவில்லை. குதிரை தெரிந்தவர்கள், போர் வரலாறு தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். தப்பு என்றால் தப்பு என்றே சொல்லலாம், கோபப்பட மாட்டேன்.

மாட்டு டாக்டர்:
கதை நன்றாக இருக்கிறது அம்மா, கணக்குதான் உதைக்கிறது.

பெட்டைக்குதிரை வருஷம் முழுக்கப் பருவத்துக்கு வராது. பகல் நீளும் காலத்தில், அதாவது இங்கிலாந்தில் வசந்தத்திலிருந்து கோடைக்குள்தான் சேர்ப்பார்கள். பிரிட்டன் போரில் இறங்கியது 1914 ஆகஸ்ட் 4. அந்த வருஷத்துப் பருவம் அதற்குள் முடிந்துபோயிற்று. சரி, உங்கள் நாயகன் துடிப்பானவன், 1915 ஏப்ரலில் பன்னிரண்டு பெட்டைகளையும் சேர்த்துவிட்டான் என்று வையுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். குட்டி விழுவது 1916 மார்ச், ஏப்ரல். ஆறு மாதம் பால் குடிக்கும். இரண்டு வயது வரை சும்மா மேயும். மூன்று வயதில்தான் சேணத்துக்கும் வண்டிக்கும் பழக்க ஆரம்பிப்பார்கள், அது 1919. முழு வேலை வாங்க நான்கு, ஐந்து வயது ஆக வேண்டும், அது 1920, 21. போர் முடிந்த நாள் 1918 நவம்பர் 11.

ஆக, போர் வந்தபின் கருவான ஒரு குட்டிகூட அந்தப் போருக்குப் போயிருக்க முடியாது. ஒன்றுகூட.

ஓய்வில்லாமல் சேர்த்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டை ஈன்ற ஒன்பது பத்து நாளில் மறுபடி பருவத்துக்கு வரும், சேர்க்கலாம், உண்மைதான். ஆனாலும் ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் எந்த வித்தை செய்தாலும் கிடையாது. பன்னிரண்டு பெட்டையும் சேர்த்தவுடன் சினை பிடித்துவிடும் என்பதும் ஆசைதான். சில நிற்காது, சில கலைந்துவிடும், இரட்டைக் கரு என்றால் பெரும்பாலும் இரண்டுமே போய்விடும்.

நிலாமுற்றம்:
ஐயோ. எண்பது பக்கமும் போச்சா?

தறிநாடா:
போகவில்லை, அவசரப்படாதீர்கள். டாக்டர் சொன்னது போர் வந்தபின் கருவானதுக்குத்தான். போர் வரும்போதே லாயத்தில் நின்ற நான்கு, ஐந்து, ஆறு வயதுக் குதிரைகளுக்கு என்ன? அதெல்லாம் விற்றிருப்பானே. அரசாங்கம் சும்மாவா பிடித்துக்கொண்டு போயிற்று, கையில் காசு கொடுத்துத்தானே வாங்கியது. காசு வாங்கினான், பணக்காரன் ஆனான், முடிந்தது. இதில் என்ன பெரிய ஆராய்ச்சி?

பழங்கணக்கு:
முடியவில்லை தறிநாடா, அங்கேதான் ஆரம்பமே.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. போருக்கு முன்பே பிரிட்டனில் குதிரைகளைக் கணக்கெடுத்து வைத்துவிட்டார்கள். எந்த லாயத்தில் எத்தனை, சவாரிக்கா, வண்டி இழுக்கவா, பீரங்கி இழுக்கவா என்று பட்டியல் தயார். போர் அறிவித்ததும் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ராணுவத்திடம் அப்போது இருந்தவை சுமார் 25,000 குதிரைகள். பன்னிரண்டே நாளில் அது 1,65,000 ஆயிற்று. உழவிலிருந்தும் பால் வண்டியிலிருந்தும் நரிவேட்டைக்காரர் லாயத்திலிருந்தும் பன்னிரண்டு நாளில் லட்சத்துக்கு மேல் குதிரைகள் கிளம்பிவிட்டன என்றால் ஒரு சின்ன ஊருக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

வாங்க வந்தவர்கள் வெளியூர் ஆட்கள் இல்லை. அந்த வட்டாரத்திலேயே குதிரை தெரிந்த பெரிய மனிதர்களைத்தான் நியமித்திருந்தார்கள், பெரும்பாலும் வேட்டைக்குக் குதிரை வைத்திருந்த நிலக்காரர்கள். கூடவே ஒரு கால்நடை மருத்துவர். சந்தைத் திடலில் வரிசையாக நிறுத்தச் சொல்வார்கள், பார்ப்பார்கள், ஒரு விலை சொல்வார்கள். சாதாரணப் படைக்குதிரைக்கு 40 பவுண்டை ஒட்டி, அதிகாரிகள் ஏறும் நல்ல குதிரைக்கு அதைவிடக் கூட. பேரம் கிடையாது. விலை போதாது என்றால் பிறகு கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் குதிரையை இப்போதே விட்டுவிட வேண்டும்.

இப்படி உள்ளூர் ஆட்களை வைத்ததற்கு ஒரு பழைய சூடு காரணம். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் தரப்பில் மூன்று லட்சத்துக்கு மேல் குதிரைகள் செத்தன. கப்பலை விட்டு இறங்கிய களைப்பு தீருமுன் களத்துக்கு ஓட்டினார்கள். அந்தப் போருக்கு ஹங்கேரியில் குதிரை வாங்கியதில் இடைத்தரகர்கள் கொள்ளை லாபம் அடித்து, அது நாடாளுமன்றம் வரை நாறியது. அதற்கப்புறம்தான் குதிரை வாங்கும் துறையையே தலைகீழாகத் திருத்தினார்கள். ஆக உங்கள் நாயகன் 1914 ஆகஸ்டில் கேட்ட விலைக்கு விற்றிருக்க முடியாது அம்மா. அவர்கள் சொன்ன விலைதான்.

குளம்படி:
நான் சவாரிப் பள்ளி ஒன்றில் ஒன்பது வருஷம் லாயம் பார்த்தவன். பழைய குதிரைத் தரகர்களின் தில்லுமுல்லு பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், நாவலுக்கு ஆகும்.

குதிரைக்கு வயசு பல்லில். முன்வரிசைப் பால்பல் விழுந்து நடுப்பல் இரண்டரை வயதில், அடுத்தது மூன்றரையில், ஓரப்பல் நாலரையில் முளைக்கும். ஐந்து வயதில் கடை சேர்ந்துவிடும், அதாவது முன்பல் வரிசை நிரம்பிவிடும். அதற்கப்புறம் கீழ்ப்பல்லின் மேல்பரப்பில் இருக்கும் கறுப்புக் குழி தேய்ந்துகொண்டே வந்து, எட்டு வயது வாக்கில் காணாமல் போகும். அந்தக் காலத்துத் திருட்டுத் தரகன் என்ன செய்வான் என்றால், வயசான குதிரையின் வாயைக் கட்டை வைத்துத் திறந்து, தேய்ந்த பல்லில் சின்ன உளியால் குழி தோண்டி, பழுக்கக் காய்ச்சின கம்பியால் அந்தக் குழியைச் சுட்டுக் கறுப்பாக்குவான். பார்த்தால் ஆறு ஏழு வயசு. ஆனால் இயற்கைக் குழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். சுட்ட குழிக்கு அது இருக்காது. அந்த வளையத்தைத் தேடத் தெரிந்தவன்தான் ஆள்.

கிழக்குதிரைக்குக் கண்ணுக்கு மேல் பள்ளம் விழும். அந்த இடத்துத் தோலில் ஊசியால் குத்திக் காற்றை ஊதி நிரப்பிவிடுவார்கள், சந்தை முடிகிற வரை தாங்கும். சோம்பிக் கிடக்கும் குதிரைக்கு வாலுக்கடியில் இஞ்சித் துண்டு. அது வாலைத் தூக்கிக்கொண்டு ராஜா மாதிரி நடக்கும், பாவம் எரிச்சலில்.

இதெல்லாம் உங்கள் நாயகன் செய்யத் தேவையில்லை. அவன் ஊருக்கு வந்துபோகும் தரகன் செய்யட்டும்.

தறிநாடா:
தரகன் விஷயம் அருமை. ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. 40 பவுண்டு என்பது அன்றைக்குச் சின்னத் தொகையா? பண்ணைக் கூலியாளுக்கு வருஷம் முழுக்க உழைத்தாலும் அவ்வளவு கையில் நின்றிருக்காது. பத்துக் குதிரை விற்றால் 400 பவுண்டு. அழ வேண்டிய விஷயமா இது?

பழங்கணக்கு:
சின்னத் தொகை இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். சந்தையில் விலைபோகாமல் நின்ற சுமாரான குதிரை வைத்திருந்தவனுக்கு அந்த ஆகஸ்ட் மாதம் தீபாவளி. அப்படிச் சந்தோஷமாகக் கொடுத்தவர்களும் உண்டு.

ஆனால் 40 பவுண்டு குதிரைக்குக் கொடுத்த விலை. பால்காரனுக்குக் குதிரை போனால் குதிரை மட்டுமா போகிறது? வண்டி நின்றுவிடும். மறுநாள் காலை பால் ஊற்ற ஆள் இல்லை. ரொட்டிக்காரன், கரிக்காரன், வாரம் இரண்டு நாள் கிராமத்துக்கும் சந்தை ஊருக்கும் நடுவே மூட்டையும் முட்டைக் கூடையும் ஏற்றிக்கொண்டு போய்வரும் சுமை வண்டிக்காரன், எல்லோருக்கும் இதே கதி. காசை வைத்துக்கொண்டு வேறு குதிரை வாங்கலாம் என்றால் மிச்சம் இருப்பது நொண்டியும் கிழமும். அதற்கும் விலை ஏறிவிட்டது. ஆகஸ்ட் அறுவடைக் காலம் வேறு. கதிர் காய்ந்து நிற்கிறது, வண்டியில் பூட்ட உயிர் இல்லை.

இங்கேதான் லாபம் பார்ப்பவன் வருகிறான். வளர்ப்பவன் இல்லை. இடையில் நின்று கைமாற்றிவிடுகிறவன். ஊனத்தால் ராணுவம் தள்ளிவிட்ட குதிரையைக் குறைந்த விலைக்கு வாங்கி, அவசரத்தில் இருக்கும் சுமை வண்டிக்காரனுக்கு இரட்டை விலைக்குத் தள்ளுகிறவன்.

கரிசல்மழை:
மட்டக்குதிரைகள் தப்பித்தன என்று படித்திருக்கிறேன், சரியா? லங்காஷயரில் ஒரு வீட்டுக் குழந்தைகள் எங்கள் குட்டிக்குதிரையை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று போர் அமைச்சர் கிச்சனருக்கே கடிதம் எழுத, 15 கைக்குக் குறைந்த உயரமுள்ள குதிரையை எடுக்க மாட்டோம் என்று பதில் வந்ததே.

குளம்படி:
சரிதான். ஒரு கை என்றால் 4 அங்குலம். 15 கை என்பது 5 அடி. தலைவரைக்கும் அளப்பதில்லை, கழுத்து முதுகோடு சேரும் மேட்டு இடம் வரைக்கும்தான். நிலாமுற்றம், இதை வைத்து ஒரு காட்சி எழுதலாம். அளவுகோலை நிறுத்தும்போது பதினான்கே முக்கால் கையா, பதினைந்தா என்கிற அரைவிரல் தகராறு. லாடம் கழற்றி அளந்தால் கொஞ்சம் இறங்கும், தெரியுமா? குளம்பைச் சற்று ஒட்டச் சீவிவிட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கும். குதிரையைக் காப்பாற்ற நினைக்கிற லாடக்காரர் ஒருவர் முந்தின ராத்திரி குனிந்து உட்கார்ந்து அந்த வேலையைச் செய்யலாம். நடந்தது என்று சொல்லவில்லை. குளம்பு அறிந்தவனுக்கு அது முடியும் என்று சொல்கிறேன்.

நிலாமுற்றம்:
குளம்படி அண்ணே, இந்த லாடக்காரரை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்!

டாக்டர், ஒரு சந்தேகம். குட்டி வளர்த்து விற்க முடியாது, சரி. பெட்டைகளையே விற்றுவிட்டால்? ராணுவம் பெட்டைகளை வாங்கியதா?

மாட்டு டாக்டர்:
தாராளமாக வாங்கியது. விதையடித்த ஆண்குதிரையும் பெட்டையும்தான் படைக்கு வேண்டும். பொலிகுதிரையைத்தான் தொட மாட்டார்கள், நூறு குதிரைகளை ஒரே கயிற்று வரிசையில் கட்டும் இடத்தில் அது ஒன்று நின்றால் போதும், ராத்திரி பூரா ரகளை.

பெட்டையை விற்பது விதைநெல்லைக் குத்திச் சோறு ஆக்குகிற கதை. இன்றைக்கு வயிறு நிறையும். நல்ல தாய்க்குதிரை ஒன்றைக் கண்டுபிடித்து நிலைநிறுத்த மூன்று தலைமுறை ஆகும், அதற்கு 40 பவுண்டு விலை ஆகாது. ஆனால் வாங்க வருகிறவன் கண்ணுக்கு அது நல்ல கால், நல்ல நெஞ்சு உள்ள ஏழு வயதுக் குதிரை, அவ்வளவுதான். அதன் வயிற்றிலிருந்து இன்னும் எட்டுப் பத்துக் குட்டி வரும் என்பதற்கு அவன் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை. உங்கள் நாயகனின் நிஜமான இழப்பு இது. உங்கள் கதை இங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, பணக்காரன் ஆனதில் இல்லை.

பழங்கணக்கு:
டாக்டர் சொன்னதோடு இன்னொன்றும் சேருங்கள். மேய்ச்சல் நிலம்.

1916 விளைச்சல் மோசம். 1917 பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் கண்ட கப்பலையெல்லாம் மூழ்கடிக்க ஆரம்பிக்க, வெளியிலிருந்து தானியம் வருவது ஆட்டம் கண்டுவிட்டது. உடனே மாவட்டந்தோறும் போர்க்கால வேளாண் குழுக்கள். புல்வெளியை உழுது தானியம் போடு என்று உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. நிலாமுற்றம் எழுதியிருக்கும் அந்த ஆற்றோர நிலம் இருக்கிறதே, அதைத்தான் குழு முதலில் பார்க்கும். குட்டிகள் ஓடி ஆடிக் கால் உரமேறும் இடம் அது. உழுதால் மேய்ச்சல் இல்லை. உழ மறுத்தால் ஊருக்கு அவன் துரோகி. உங்களுக்கு வேண்டிய வெறுப்பு இங்கே தானாகக் கிடைக்கிறது, பணமே தேவையில்லை.

இதில் வேடிக்கை, உழச் சொல்கிறவர்களுக்கும் உழக் குதிரை இல்லை. ராணுவமே குதிரையையும் ஏர் ஓட்டத் தெரிந்த சிப்பாய்களையும் பண்ணைகளுக்குத் திருப்பிக் கடன் கொடுக்க வேண்டிவந்தது. 6,000 ஃபோர்ட்சன் டிராக்டருக்கு அமெரிக்காவில் ஆர்டர் போட்டதும் 1917 இல்தான்.

தறிநாடா:
சரி, நான் இறங்கி வருகிறேன். ஆனால் யாரோ சம்பாதித்திருக்க வேண்டுமே. போர் என்றால் காசு எங்கோ போய்ச் சேரும். எங்கே?

பழங்கணக்கு:
வயிற்றுக்கு. குதிரையின் வயிற்றுக்கு.

படைக்குதிரை ஒன்றுக்கு ஓட்ஸும் உலர்புல்லுமாக நாளைக்குச் சுமார் 10 கிலோ. 1917 இல் பிரிட்டிஷ் ராணுவத்திடம் எட்டரை லட்சத்துக்கு மேல் குதிரைகளும் கோவேறு கழுதைகளும். பெருக்கிப் பார்த்தால் தலைசுற்றும். போர் முடிகிற வரை பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குக் கப்பலில் போன வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்து சுமார் 52 லட்சம் டன். அதே பாதையில் போன குதிரைத் தீனி சுமார் 54 லட்சம் டன். குண்டைவிடப் புல் அதிகம்! இந்த ஒரு வரி தெரிந்ததிலிருந்து எனக்கு முதல் உலகப்போர் என்றாலே பீரங்கி கண்ணில் வருவதில்லை, கட்டுக்கட்டாகப் புல்தான் வருகிறது.

அந்தப் புல்லில் நிறைய ஊர்ப் பண்ணைகளிலிருந்து போனது. ராணுவத்தின் தீவனப் பிரிவு பண்ணைக்கு வந்து, போர்களை அளந்து எடுத்து, இயந்திரத்தில் அழுத்திக் கட்டுப் போட்டு ரயிலேற்றும் (இங்கே போர் என்றது வைக்கோற்போரை, சண்டையை இல்லை, தமிழில் இந்த இரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது இந்த இழைக்கென்றே செய்தது போல இருக்கிறது). ஆண்கள் களத்துக்குப் போனதும் கட்டுப் போடும் வேலைக்குப் பெண்களை எடுத்து ஒரு படைப்பிரிவே அமைத்தார்கள். காக்கி உடுப்பு, கையில் கவைக்கோல். ஊரில் மிஞ்சிய குதிரைகளுக்குத் தீனி தட்டுப்பாடு. ஓட்ஸ் யாருக்கு எவ்வளவு என்று கட்டுப்பாடு வந்துவிட்டது.

குளம்படி:
சேணக்காரர்களும் சம்பாதித்தார்கள். வால்சால் நகரம் சேணத்துக்கும் தோல் வாருக்கும் பெயர்போனது, அங்கே ராணுவ ஆர்டர் குவிந்தது. ஆனால் சின்ன ஊர்ச் சேணக்காரருக்கு அது கிடைக்காது. தோலெல்லாம் பெரிய ஊருக்குப் போய்விட, பிய்ந்த கழுத்துப்பட்டையைத் தைத்துத் தைத்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. லாடக்காரர் நிலைமை இன்னும் விசேஷம். அவரைப் படைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், அத்தனை லட்சம் குதிரைக்கும் லாடம் அடிக்க ஆள் வேண்டாமா? லாடம் நாலைந்து, ஆறு வாரத்துக்கு ஒரு தரம் கழற்றிக் குளம்பைச் சீவி மாற்றியே ஆக வேண்டும், தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துவிடும். லாடக்காரர் இல்லாத ஊரில் மூன்றாவது மாதமே மிச்சக் குதிரைகளும் நொண்ட ஆரம்பிக்கும். இதை யாரும் எழுதுவதில்லை.

கரிசல்மழை:
குதிரைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லுங்கள். பிரிட்டனில் வாங்கியது மட்டும் போதவில்லையே.

பழங்கணக்கு:
போதவே இல்லை. நாட்டுக்குள் வாங்கியது நாலரை லட்சத்துக்கு மேல். வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவை, கோவேறு கழுதையும் சேர்த்து, ஆறு லட்சத்துக்கு மேல். சௌதாம்ப்டன் பக்கம் ராம்சே, ஸ்வேத்லிங், பிரிஸ்டல் பக்கம் ஷயர்ஹாம்ப்டன், வடக்கே ஆர்ம்ஸ்கர்க் என்று பெரிய பெரிய குதிரை முகாம்கள். இதில் ராம்சே நிஜமாகவே ஒரு சின்னச் சந்தை ஊர். ஊருக்கு மேலே குன்றில் 1915 இல் முகாம் வந்தது. உங்கள் கற்பனை ஊரை அப்படி ஒரு முகாமுக்குப் பக்கத்தில் வைத்தால் தீவனம், சாணி, தோல், மது விடுதி எல்லாமே கதைக்குள் வந்துவிடும். வில்ட்ஷயரில் ரஸ்லி பார்க் என்ற முகாம் முழுக்கப் பெண்கள் நடத்தியது.

மாட்டு டாக்டர்:
கப்பலில் வந்ததோடு நோயும் வந்தது. மூக்கில் சளி ஒழுகும் கிளாண்டர்ஸ் நோய் மனிதனுக்கும் ஒட்டும், அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது. கண் இமையில் மல்லீன் ஊசி போட்டுப் பார்ப்பார்கள், இமை வீங்கினால் சுட்டுவிடுவார்கள். சொறி வேறு. சொறிக்குப் பயந்து குளிர்காலத்தில் ரோமத்தை மழித்துவிட, குளிரில் விறைத்துச் செத்ததும் உண்டு. இருந்தும் என் துறை ஆட்களைச் சொல்ல வேண்டும், ராணுவக் கால்நடை மருத்துவமனைகளில் சேர்த்த குதிரைகளில் ஐந்தில் நான்கு பங்கு தேறித் திரும்ப வேலைக்குப் போயின.

கரிசல்மழை:
இங்கிலாந்துக்காவது சண்டை கடலுக்கு அந்தப்பக்கம். களமே பண்ணைக்கு வந்துவிட்ட இடங்களை நினைத்துப் பாருங்கள். 1915 இல் இத்தாலி போரில் இறங்கியதும், அந்த எல்லையை ஒட்டி இருந்த ஆஸ்திரியாவின் லிப்பிஸா பண்ணையின் வெள்ளைக் குதிரைகளைத் தாயும் குட்டியுமாகக் கிளப்பி வியன்னாவுக்குப் பக்கத்தில் லாக்ஸன்பர்குக்கும், பொஹீமியாவில் கிளாட்ரூபுக்கும் கொண்டுபோனார்கள். அடுத்த போரில், அன்று ஜெர்மனியில் இருந்த கிழக்குப் பிரஷ்யாவின் டிராக்கேனர் குதிரைகள், 1732 இல் தொடங்கின பண்ணை அது, 1945 தொடக்கத்தில் உறைந்த கடற்கழி மேல் அகதி வண்டிகளை இழுத்துக்கொண்டு போயின. சினைப் பெட்டைகளும் வண்டியில் பூட்டப்பட்டிருந்தன. அந்த வம்சம் கிட்டத்தட்ட அழிந்து, தப்பின கொஞ்சத்திலிருந்து மறுபடி எழுந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வளர்ப்பவனுக்குக் கடைசியில் கையில் மிஞ்சுவது வம்சம்தான். பணம் இல்லை.

தறிநாடா:
கரிசல்மழை, அழகாகச் சொன்னீர்கள், ஆனால் வம்சத்தை வைத்து வாடகை கட்ட முடியாது. பொலிகுதிரையை மறந்துவிட்டீர்களே எல்லோரும். அதை ராணுவம் எடுக்காது என்றீர்கள். அப்ப அதை வைத்துச் சம்பாதிக்கலாமே?

குளம்படி:
சபாஷ், இது நல்ல கேள்வி. அந்த ஊர்களில் பொலிகுதிரை வீட்டில் நிற்காது, நடக்கும். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ஒரு ஆள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார். பிடரியில் வண்ண நாடா பின்னி, வாலை முடிந்து, பித்தளை பளபளக்க. திங்கள் இந்த ஊர் விடுதி முற்றம், செவ்வாய் அடுத்த பண்ணை என்று வாரச் சுற்று, அச்சடித்த அட்டையில் வழித்தடம் இருக்கும். சந்தை நாளில் விடுதி முற்றத்தில் நிற்கும், சுற்றுவட்டாரப் பெட்டைகள் அங்கே வரும். பெட்டைக்கு 21 நாள் சுழற்சி என்பதால் மூன்றாவது வாரம் மறுபடி காட்டிப் பார்ப்பார்கள். அது உதைத்துத் துரத்தினால் சினை நின்றுவிட்டது என்று சந்தோஷம். சேர்ப்புக் கட்டணம் முதலாளிக்கு, கூடவே ஒரு சின்னத் தொகை நடத்திவருகிறவருக்கு.

போர்க்காலத்தில் பெட்டைகள் போய்விட்டதால் சேர்க்க வருவது குறைவு, நடத்திச் செல்ல வாலிபன் இல்லை, ஓட்ஸ் விலை ஏற்றம். ஷயர் என்ற கனத்த இனத்துப் பொலிகுதிரை தின்னும் தீனியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், வேலை இல்லாமல் நின்றால் வீட்டையே தின்றுவிடும்.

பழங்கணக்கு:
ஆனால் தறிநாடாவுக்கு இதில் பாதி வெற்றி. எல்லோரும் போருக்குப் பின் குதிரைக்குக் கிராக்கி வரும் என்று நம்பினார்கள். 1913 இலேயே சாம்பியன்ஸ் கோல்கீப்பர் என்ற ஷயர் 4,100 கினிக்கு (ஒரு கினி ஒரு பவுண்டைவிடச் சற்றுக் கூட) விற்றது. அந்த நினைப்பு போகவில்லை. 1916 இல் அரசுக்கே தேசியக் குதிரைப் பண்ணை ஒன்று வந்தது, அயர்லாந்தில் டல்லியில் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தது. 1918 இல் சட்டம் போட்டு, ஊர் சுற்றும் பொலிகுதிரை உரிமம் வாங்க வேண்டும், ஊனக் குதிரையைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். ஆக, பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டைகளைக் காத்தவனுக்குப் போர் முடிந்த ஓரிரு வருஷம் நல்ல விலை. அப்புறம் 1921 இல் தானியத்துக்கான விலை உத்தரவாதத்தை அரசு எடுத்துவிட, பண்ணைகள் படுத்துவிட்டன, லாரியும் டிராக்டரும் ஏறி வந்துவிட்டன.

டாக்டரின் முதல் கணக்கை இங்கே பொருத்துங்கள். 1916 இல் விழுந்த அந்தக் குட்டிகள் முழு வேலைக்குத் தயாராவது எப்போது? 1921.

நிலாமுற்றம்:
இதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1921 வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, இதற்கு மேல் நானாகக் கற்பனை செய்ய வேண்டியது என்ன இருக்கிறது.

பணக்காரன் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ராத்திரியே ஒரு பத்தி எழுதினேன், திட்டாமல் படியுங்கள்:

"மருத்துவர் பெட்டையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். முன்னங்காலைத் தடவிக் கீழே இறங்கிக் குளம்பைத் தட்டினார். ஏழு, என்றார். எழுதுகிறவன் எழுதிக்கொண்டான். அவள் என் வீட்டில் பிறந்தவள் என்று சொல்ல வாயெடுத்தான், அந்தத் தாளில் அதற்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. கயிறு கைமாறியது. வேலிக்கு அப்பால் ஏப்ரல் மாதத்துக் குட்டி புல்லிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது."

மாட்டு டாக்டர்:
நன்றாக வந்திருக்கிறது. ஒரு திருத்தம். ஏப்ரல் குட்டி ஆகஸ்டில் நான்கு மாதம். அது மறுபடி மேய்ந்துகொண்டு நிற்காது. வேலி ஓரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும், கனைக்கும், வேலியைத் தாண்டப் பார்க்கும். தாய் அதைவிட மோசம், கயிற்றை அறுக்கும். இரண்டு மூன்று நாள் தொண்டை கட்டுகிற வரை இரண்டும் விடாது. அப்புறம் அவளுக்குப் பால் கட்டிக்கொள்ளும். மடி கல் மாதிரி இறுகிப் பின்னங்காலை அகட்டி வைத்து நடப்பாள். ரயிலேற்றின மறுநாள் அவளைக் கையில் வாங்குகிற சிப்பாய் குதிரை தெரியாத பையனாக இருந்தால் கால் நொண்டுகிறது என்றுதான் நினைப்பான்.

குளம்படி:
தெரிந்த பையனாக இருந்தால் குனிந்து பார்ப்பான். நிலாமுற்றம், அந்த லாடக்காரரையும் படைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று வைத்தீர்களென்றால், அவர் கையிலேயே அவள் போய்ச் சேரலாம். தான் அடித்த லாடத்தைத் தானே அடையாளம் கண்டுகொள்வார், ஆணி முனை மடக்குவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு.